முடியைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்!

கேள்வி – பதில்

பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்ததை முதலில் பிரித்தேன். அடுத்தடுத்த உறைகளிலும் அதே சங்கதிதான். கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து தோட்டங்கள்வரை எல்லாருக்கும் ஒரே இடத்தில் கவலை: நெற்றிக்கும் காதுக்கும் நடுவில். ஆகவே இந்த இதழில் தலையாய கேள்விகள் மட்டும்.

ஓர் அம்மா, பாசிர் பெனம்பாங்
கே: மகளுக்கு வயது 11. தினமும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டுத்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன். கொஞ்ச நாளாக நெற்றியின் இரண்டு ஓரமும் முடி குறைந்து தோல் தெரிகிறது. மாமியார் ‘திருஷ்டி’ என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ‘சத்துக் குறைவு’ என்கிறார். யார் சொல்வது சரி?

ப: இருவரையும் விட்டுவிட்டு, சீப்புப் பிடித்த கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அன்போடு பின்னிய கைதான். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டது. இழுவையால் வரும் முடியுதிர்வு இது. டாக்டர்கள் ‘டிராக்‌ஷன் அலோபீசியா’ என்பார்கள்.

ஒவ்வொரு முடியும் தோலுக்குள் ஒரு சிறு குழியில் வேர்விட்டு நிற்கிறது. நாள் முழுக்க ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் முதலில் வேரைச் சுற்றித் தோல் சிவக்கும், சின்னச் சின்னக் கொப்புளம் வரும். பிறகு, வளர்ந்துகொண்டிருந்த முடி தன் காலத்துக்கு முன்பே ஓய்வுக்குப் போய்க் கழன்றுவிடும். அப்படியும் விடாமல் வருடக்கணக்கில் இழுத்தால் குழியே தழும்பாகி மூடிக்கொள்ளும். நெற்றி ஓரமும் காதின் முன்பக்கமும் முதலில் அடிபடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே முடி மெலிசு. படிய வாரும்போது விழும் இழுப்போ அங்கேதான் அதிகம்.

மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள். முடி குறைந்த இடத்துக்கு முன்னால், நெற்றி விளிம்பில், பூனைமுடியாக ஒரு மெல்லிய வரிசை மட்டும் மிஞ்சி நிற்கிறதா? பின்னலுக்குள் சிக்காத அளவு குட்டையாக இருந்ததால் தப்பித்த முடிகள் அவை. 2011இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சிலர் இதை நோயின் அடையாளமாகவே எழுதிவைத்தார்கள். அந்த வரிசை இருந்தால் அநேகமாக இழுவைதான் குற்றவாளி.

11 வயதிலேயே கவனித்துவிட்டீர்கள். இன்றைக்கே தளர்த்தினால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். சில மாதம் பொறுக்க வேண்டும். திருஷ்டி கழித்தே தீர வேண்டுமென்றால் மாமியார் கழிக்கட்டும், பின்னல் தளர்ந்த பிறகு.

அந்த மாமியார், அதே வீடு
கே: என் பேரையும் இழுத்துவிட்டாளாமே! இறுக்கிப் பின்னினால்தான் முடி நீளமாக வளரும். எங்கள் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் பின்னினார்கள். யாருக்கு என்ன ஆகிவிட்டது?

ப: பாட்டி, இழுத்தால் நீள்வது காது. பாம்படம் போட்ட அந்தக் காலத்துப் பெண்களுக்குக் காது தோள்வரை தொங்கியது உண்மைதான். காது உயிருள்ள சதை. வெளியே தெரியும் முடிக்கு உயிரே கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. வளர்ச்சி முழுவதும் தோலுக்குக் கீழே நடக்கிறது, மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். நீங்கள் இழுத்தாலும் அவ்வளவுதான், கொஞ்சினாலும் அவ்வளவுதான்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பின்னிய முடி சிக்காது, நுனி உடையாது, அதனால் நீளம் தங்கும். அதற்குப் பின்னல் போதும், இறுக்கம் எதற்கு? உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைத்து, சாம்பிராணி காட்டி, நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு முடியைத் தொங்கவிட்டிருப்பாரே, நினைவிருக்கிறதா? வாரத்தில் ஒரு நாளாவது வேருக்கு விடுதலை. பேத்திக்கு அந்த வெள்ளிக்கிழமையைக் கொடுங்கள். யாருக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டீர்கள். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, புக்கிட் ரோத்தான்
கே: வாலிபத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவினேன். விடியுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஓட வேண்டும். கொண்டையை இறுக்கி முடிந்து மேலே துணி கட்டிக்கொள்வேன். இப்போது செம்பனை வந்து மரமும் போச்சு, முன்முடியும் போச்சு. முடியாவது திரும்புமா ஐயா?

ப: அம்மா, மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் உங்கள் தொழிலை வைத்தே சொல்லிவிடுகிறேன். உளி பட்டையோடு நின்றால் சில வருடத்தில் மரம் புதுப்பட்டை கட்டிக்கொள்ளும். ஆழமாக இறங்கி உள்ளே காயம் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. காயம் பார்த்துக் கங்காணி திட்டியது அதற்குத்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவச் சொன்னது மரத்துக்கு ஓய்வு கொடுக்க. மரத்துக்குக் கிடைத்த ஓய்வு உங்கள் தலைக்குக் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வழவழவென்று, முடித்துளையே தெரியாமல் இருந்தால் தழும்பு விழுந்துவிட்டது. எந்த எண்ணெயும் அதை எழுப்பாது. புள்ளிபுள்ளியாகத் துளையும் நடுவே மெலிந்த முடியும் இருந்தால் டாக்டரிடம் காட்டலாம், கொஞ்சம் நம்பிக்கை உண்டு. புருவமும் சேர்ந்து உதிர்ந்திருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், கட்டாயம் காட்டுங்கள். பின்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நடும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பார்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தக் காசில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவேன். மிஞ்சியிருக்கும் முடியைப் பிடரிக்குக் கீழே இறக்கி, தளர்வாக முடியுங்கள். இனிப் பிரட்டு இல்லை. யாரும் பேர் கூப்பிடப் போவதில்லை.

இரண்டாம் படிவ மாணவி, தஞ்சோங் காராங்
கே: முடி கலைந்திருந்தால் பள்ளியில் ஒழுங்குப் புள்ளியைக் குறைத்துவிடுவார்கள். அதனால் இழுத்துக் கட்டுகிறேன். மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா?

ப: இருக்கிறது. லண்டன் நரம்பியல் மருத்துவர் பிளவ் 2004இல் குதிரைவால் போடும் பெண்களிடம் கேட்டு ஒரு கட்டுரையே எழுதினார். பாதிக்குமேல் ‘ஆமாம், வலிக்கும்’ என்றார்கள். அவிழ்த்தால் போய்விடும் தலைவலி அது. வலி என்றால் வேர் ‘போதும்’ என்கிறது; மாத்திரை போட்டு அதன் வாயை அடைக்காதே.

ஒழுங்குக்குப் பேர்போன இடம் ராணுவம். அமெரிக்க வான்படையில் பெண்கள் முடியை இழுத்துக் கொண்டை போட வேண்டியிருந்தது. ஒற்றைத் தலைவலி வருகிறது, முடி கொட்டுகிறது என்று பல பெண்கள் எடுத்துச் சொன்ன பிறகு, 2021 பிப்ரவரியிலிருந்து ஒற்றைப் பின்னல், இரட்டைப் பின்னல், குதிரைவால் மூன்றுக்கும் அனுமதி கொடுத்தார்கள். போர் விமானம் ஓட்டுகிறவருக்கே தளர்த்தலாம் என்றால், வரலாற்றுப் பாடம் படிக்கிறவருக்குத் தளர்த்தக் கூடாதா?

பள்ளி கேட்பது கட்டிய முடி. ‘இத்தனை இறுக்கம் வேண்டும்’ என்று நான் பார்த்த எந்த விதியிலும் இல்லை. தாழ்வாகக் கட்டு. துணி சுற்றிய தடித்த ரப்பர் வளையம் வாங்கு. பறக்கும் குட்டை முடிக்குத் தண்ணீர் தொட்டு ஒரு கிளிப் போதும். வீட்டுக்கு வந்ததும் காலணிக்கு முன்னால் முடியைக் கழற்று.

பெயர் இல்லை, ஜெராம்
கே: சாதாரண மெல்லிய ரப்பர் பேண்ட் போட்டால் என்ன?

ப: நாசி லெமாக் பொட்டலத்துக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

பரதநாட்டிய ஆசிரியை, கோலசிலாங்கூர்
கே: மாணவிகளுக்குச் சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, நெற்றிச்சுட்டி, குஞ்சலம், மேலே பூ என்று முழு அலங்காரம் செய்கிறோம். இறுக்கமாக இல்லாவிட்டால் தில்லானாவில் எல்லாம் கழன்று விழும். கலையை விடவா சொல்கிறீர்கள்?

ப: கலையை விடச் சொன்னால் நடராஜர் என்னை மிதிப்பார். உங்கள் சங்கடம் உண்மையானது. பாலே ஆடும் பெண்களுக்கும் இதே பிரச்சினைதான். வருடக்கணக்கில் இறுக்கிய கொண்டையால் முன்முடியை இழந்த ஒரு பாலே நடனமணியைப் பற்றி 2010இல் ஒரு தோல் மருத்துவ இதழ் எழுதியது. நம் பிள்ளைகளுக்குக் கொண்டையின் இறுக்கத்தோடு சுமையும் சேர்கிறது. சவுரி ஒரு கனம், குஞ்சலம் ஒரு கனம், ஈரம் சொட்டும் மல்லிகைச் சரம் இன்னொரு கனம். சுழலும்போது அத்தனையும் சேர்ந்து சாட்டையாக இழுக்கும். எல்லாம் போய்த் தொங்குவது ஒரு சின்னப் பெண்ணின் நெற்றியோர முடியில்.

மேடையில் தவறு நடப்பதாக நான் நினைக்கவில்லை. ஒத்திகையில்தான் நடக்கிறது. அரங்கேற்றத்தன்று மூன்று மணி நேரம் இறுக்கினால் எந்தத் தலையும் வழுக்கையாகாது. வாராவாரம் வகுப்புக்கு, புகைப்படத்துக்கு, தீபாவளி விருந்தில் ஒரு பாட்டுக்கு, கோயில் திருவிழாவில் பத்து நிமிடத்துக்கு என்று ஒவ்வொரு முறையும் முழுச் சிங்காரம் செய்கிறோமே, அதுதான் சேர்ந்து கணக்காகிறது. வகுப்புக்குச் சாதாரணப் பின்னல் போதும். முழு அலங்கார ஒத்திகை ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள்.

அலங்காரத்திலும் இடமிருக்கிறது. பாரத்தை நெற்றியோர முடியில் கோக்காமல், பிடரியில் தடித்த முடியைச் சேர்த்து முதலில் ஒரு அடிப்பின்னல் போட்டு, சவுரியை அதில் கட்டுங்கள். நெற்றிச்சுட்டியின் பாரம் வகிட்டு நூலில் இருக்கட்டும், ஓரத்து ஊசியில் வேண்டாம். பிறைகளுக்கு மெல்லிய வலை போட்டு அதில் குத்தலாம். பூவைத் தண்ணீர் உதறிவிட்டு வையுங்கள். மங்களம் முடிந்ததும் புகைப்படக்காரர் வருமுன் அவிழ்க்க முடியாது, தெரியும். மாமன் சித்தப்பன் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அவர்களை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தூங்கிப்போன பிள்ளையின் தலையில் அந்தச் சவுரி விடியும்வரை இருக்கக் கூடாது.

கல்யாணப் பெண், பெஸ்தாரி ஜெயா
கே: முடி அடர்த்தியாகத் தெரிய ‘எக்ஸ்டென்ஷன்’ ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார் அழகு நிலைய அக்கா. ஆறு மாதம் நிற்குமாம். செய்யலாமா?

ப: எக்ஸ்டென்ஷன் ஆறு மாதம் நிற்கலாம், அது தொங்கும் முடி நிற்குமா என்பதுதான் கேள்வி. உங்கள் ஒவ்வொரு முடிக்கற்றையும் தன் பாரத்தோடு இன்னொருவர் பாரத்தையும் ராப்பகலாகச் சுமக்க வேண்டும். அந்த இன்னொருவர், சில நேரம் திருப்பதி போன்ற கோயில்களில் முடி காணிக்கை கொடுத்த பக்தர். அவர் சாமிக்கு என்று கொடுத்த முடி, ஏலம் போய், கப்பல் ஏறி, உங்கள் முடியைப் பிடுங்க வந்து சேர்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் இவற்றைக் கொஞ்ச காலத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம் என்கிறது. உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. முகூர்த்தத்தன்று காலையில் கிளிப் மாட்டி, வரவேற்பு முடிந்ததும் கழற்றுகிற வகை கிடைக்கிறது. பூச்சடையும் அப்படியே தனியாகக் கோத்து, பின்னலின் மேல் கட்டிக்கொள்ளலாம். வாழ்த்துகள்.

ஒரு தோழி, ஈஜோக்
கே: ரீபாண்டிங் செய்த முடியை இறுக்கிக் கட்டலாமா?

ப: ரசாயனம் போட்டு முடியின் உள்பிணைப்பை உடைத்து, திரும்ப ஒட்டவைத்திருக்கிறீர்கள். அந்த முடிக்கு இழுவை தாங்கும் தெம்பு குறைவு. ஆயிரம் வேலை செய்து நேராக்கினீர்கள், தொங்கவிடுவதற்குத்தானே? தொங்கட்டும்.

இளைஞர், ராஜா மூசா
கே: நான் முடி வளர்த்து உச்சியில் முடிந்திருக்கிறேன். இது பெண்கள் நோய்தானே?

ப: வேருக்கு ஆண் பெண் தெரியாது. சீக்கியச் சிறுவர்களின் தலையில் இதைக் கண்டு 1975இலேயே பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1989இல் சீக்கிய ஆண்களைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. தாடியை இழுத்து முடிபவர்களுக்குத் தாடையிலும் வருவதுண்டு. அவர்களுக்குக் கேசம் சமயக் கடமை. வெட்டச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். முடிச்சைத் தளர்த்தி, இடத்தைக் கொஞ்சம் மாற்றினாலே போதும். உங்களுக்கும் அதே வைத்தியம்தான். நம் முப்பாட்டன்கள் முன்தலையைச் சிரைத்துவிட்டுக் குடுமி வைத்தார்கள். இழுக்க முன்னால் முடியே இல்லை. வழுக்கை விழுமுன் வழித்துவிட்டவர்கள்!

பக்தர், கோலசிலாங்கூர்
கே: பத்துமலையில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளருமா?

ப: முருகன் வேண்டுதலைக் கேட்பார், வேரின் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டார். மழித்த முடி மொட்டை நுனியோடு முளைப்பதால் தடவும்போது தடிமனாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் இழுவையால் முடி போனவருக்கு மொட்டை ஒரு வகையில் நல்லது. சில மாதத்துக்கு யாராலும் பின்ன முடியாது.

ஒருவர், தென்னமரம் தோட்டம்
கே: செம்பனை எண்ணெய் தேய்த்தால் போன முடி வருமா?

ப: கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்கிறீர்கள். மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது உங்கள் தோட்டத்தில்தான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். அவரும் எண்ணெயை விற்கத்தான் நட்டார், தலையில் தேய்க்க அல்ல. எந்த எண்ணெயும் தழும்பான வேரை எழுப்பாது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் கழிவதைக் குறைக்கிறது என்று 2003இல் இந்தியாவில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அது முடி உடையாமல் காக்கும், முளைக்க வைக்காது. சூடு பறக்கத் தேய்ப்பதிலும் முடி இழுபடும். மெதுவாகத் தேயுங்கள்.

இல்லத்தரசி, சுங்கை திங்கி
கே: சின்ன வெங்காயச் சாறு? செம்பருத்தி? கறிவேப்பிலை?

ப: வெங்காயச் சாற்றை வைத்து 2002இல் பாக்தாத்தில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பலன் கிடைத்ததாகவும் எழுதினார்கள். ஆனால் அது புழுவெட்டுக்கு. நாம் பேசும் நோய்க்கு அல்ல. செம்பருத்தி 1960இலிருந்து நம் தேசிய மலர், மரியாதையோடு அரையுங்கள். முடிக்கு வழுவழுப்புத் தரும். கறிவேப்பிலை ரசத்துக்கு. மூன்றையும் பூசிவிட்டுப் பழையபடி இழுத்துப் பின்னினால் மூன்றும் வீண்.

வாசகி, பாசிர் பெனம்பாங்
கே: டிங்கி வந்து தேறி இரண்டு மாதமாகிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. இதுவும் பின்னலால்தானா?

ப: இல்லை, பின்னலை விடுதலை செய்யுங்கள். கடும் காய்ச்சலுக்குப் பிறகு, பிரசவத்துக்குப் பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்க முடி உதிர்வதுண்டு. உடம்பு பட்ட பாட்டுக்கு முடிகள் கூட்டமாக ஓய்வெடுக்கப் போகின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நின்றுவிடும். எது எந்த நோய் என்று தோராயமாகப் பிரிக்க இடத்தைப் பாருங்கள். ஓரத்தில் குறைந்தால் இழுவை. தலை முழுக்கக் கொட்டினால் காய்ச்சல், பிரசவம், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு. வகிடு வருடா வருடம் அகன்றுகொண்டே போனால் பரம்பரை. வட்டமாக, வழவழப்பாக ஒரு காசளவு திடீரென்று போனால் புழுவெட்டு. பிள்ளைகளின் தலையில் செதில் செதிலாக, அரிப்போடு, முடி ஒடிந்து நின்றால் படை. அது தொற்றும், உடனே மருந்து வேண்டும். ஒரே தலையில் இரண்டு காரணம் குடியிருப்பதும் உண்டு. அதனால் என் தீர்ப்பைவிட டாக்டரின் தீர்ப்பு நல்லது.

தொழிற்சாலை ஊழியர், ஈஜோக்
கே: வேலையில் வலைத்தொப்பி. போக வர கப்சாயில் ஹெல்மெட். இவற்றால் முடி கொட்டுமா?

ப: தொப்பியும் ஹெல்மெட்டும் அப்பாவிகள். அவற்றுக்குள் அடங்க வேண்டும் என்று உள்ளே முறுக்கிப் போடும் கொண்டைதான் ஆள். ஈரமுடியோடு முறுக்கினால் இன்னும் மோசம்; நனைந்த முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். துடோங் அணியும் உங்கள் தோழிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். துணியால் கெடுதல் இல்லை. உள்ளே போடும் முடிச்சைத் தளர்த்தினால் போதும். ஹெல்மெட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள். முடி போனால் வரலாம், தலை வராது.

புது அம்மா, செகிஞ்சான்
கே: எட்டு மாதக் குழந்தைக்கு உச்சியில் குட்டிக் குடுமி போடலாமா? அழகாக இருக்கிறது.

ப: படம் எடுக்கும்வரை இருக்கட்டும். ‘வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாத வாய் அது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சோங் காராங்
கே: இது புதுக்கால நோயா? எங்கள் காலத்தில் கேள்விப்பட்டதில்லையே!

ப: கேள்விப்படாமல் இருக்கலாம் ஐயா, இருந்தது. 1907இலேயே டிரெபிச் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார், அதுவும் கிரீன்லாந்தைப் பற்றி. பனி சூழ்ந்த அந்தத் தீவில் பெண்கள் முடியை உச்சிக்கு இழுத்துக் கட்டுவது வழக்கம். நெற்றியோரம் காலியாகி இருந்தது. 1957இல் யோர்ட் என்பவர் மறுபடியும் எழுதியபோது நோய்க்கே கிரீன்லாந்தின் பெயரைக் கொடுத்தார்கள். ஜப்பானில் கியோட்டோவின் மைக்கோ என்ற இளம் நடனப் பெண்கள் சொந்த முடியிலேயே பெரிய கொண்டை போட்டு, கலையாமலிருக்கக் கட்டைத் தலையணையில் தூங்கினார்கள். உச்சியில் வட்டமாக ஒரு வழுக்கை விழும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடத்தி 2007இல் வெளியான ஆய்வுகளில், கறுப்பினப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், பள்ளி மாணவிகளில் ஆறில் ஒருவருக்கும் இது இருந்தது. இறுக்கிய சடைக்கு முன்போ பின்போ ரசாயனமும் போட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

பனியில் ஒரு தலை, தென்கோடியில் ஒரு தலை, நடுவில் நம் தோட்டத்து லயம். எல்லா ஊரிலும் பெண்ணின் முடி ‘அடக்கமாக’ இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலருக்குத் தலையில் முடியே இருந்திருக்காது என்பது என் சந்தேகம்.

ஓர் அப்பா, பாசிர் பெனம்பாங்
கே: மனைவிக்குக் காலை ஷிப்ட். மகளுக்கு நான்தான் தலை பின்னுகிறேன். தளர்வாகப் போட்டால் பள்ளிப் பேருந்து ஏறுமுன் அவிழ்கிறது. எத்தனை இறுக்கம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: முதலில் ஒரு சபாஷ். பின்னி முடித்ததும் மகளைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். சிரமமில்லாமல் உயர்ந்தால் சரி. கண்ணோரம் மேலே இழுத்தபடி இருந்தால் தவறு. நெற்றி விளிம்பில் முடியின் அடியில் தோல் புள்ளிபுள்ளியாகக் கூடாரம் போட்டு எழும்பியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். பிறகு கேளுங்கள்: ‘வலிக்குதாம்மா?’ அவள் சொல்வதுதான் அளவுகோல்.

அவிழாமல் இருக்க வழி: தலை காய்ந்த பிறகு பின்னுங்கள். முதல் இரண்டு மூன்று பின்னல்களைத் தளர்வாக விட்டு, காதுக்குக் கீழே இறங்கிய பிறகு உங்கள் பலத்தைக் காட்டுங்கள். தொங்கும் முடியை எத்தனை இறுக்கினாலும் வேருக்குத் தெரியாது. வகிட்டை அடிக்கடி மாற்றுங்கள். இன்று இரட்டை, நாளை ஒற்றை, சனி ஞாயிறு விடுதலை. ராத்திரி அவிழ்த்துவிட்டுத் தூங்க வையுங்கள், அல்லது மிகத் தளர்வாக ஒரு பின்னல். தப்பித் தவறிக் கோணலாக வந்தால் கவலைப்படாதீர்கள். அப்பா பின்னியது என்று அவள் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாள்.

வாசகர், புக்கிட் ரோத்தான்
கே: மினோக்சிடில் பலன் தருமா? பசார் மாலாமில் ‘30 நாளில் முடி’ என்று ஒரு புட்டி விற்கிறார்களே, அது?

ப: மினோக்சிடில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால் தலைக்கு மாறியது. அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. இழுவையால் மெலிந்த முடிக்கும் டாக்டர்கள் கொடுப்பதுண்டு. வேர் உயிரோடு இருந்தால் உதவும், மாதக்கணக்கில் பூச வேண்டும், முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டிப் பயமுறுத்தும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு நீங்களாக வாங்கிப் பூசக் கூடாது. ஓரத்தில் சிவப்பும் கொப்புளமும் இருந்தால் அழற்சியைத் தணிக்கும் பூச்சு, ஊசி, கிருமிக்கு மருந்து எல்லாம் தனியாக உண்டு. எது வேண்டும் என்று டாக்டர் சொல்வார்.

பசார் மாலாம் புட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். மருந்து என்று விற்கிறவர்கள் நம் நாட்டில் அதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அப்பாம் பாலிக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

ஒரு பாட்டி, ஜெராம்
கே: இதற்கெல்லாம் எங்கே போவது? பெரிய ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் காசு இல்லை.

ப: பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் அங்கே கடிதம் எழுதித் தோல் நிபுணரிடம் அனுப்புவார்கள். கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் தோல் நோய்க்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அரசாங்கக் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்கவும் அதிகக் காசு ஆகாது. தவணை கிடைக்க நாளாகலாம். அதுவரை பின்னலைத் தளர்த்தி வையுங்கள், மருந்தில் பாதி அதுதான். முடி குறைந்த இடத்தை இன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்தால் டாக்டருக்கு உதவும். போகிற அன்று மை தடவி மறைக்காமல், எண்ணெய் வழியாமல், தலையை அவிழ்த்துவிட்டுப் போங்கள்.